உடைப்பை அடைக்கும் ஆறு

சாமுண்டி மலைப் படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், நன்றாக மூச்சு வாங்கும் நேரத்தில்தான் நந்தி வரும். ஒரே கல்லில் வடித்த அந்தப் பெரிய நந்தியைச் சுற்றிவந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மீதிப் படிகளை ஏறுவது மைசூர்க்காரர்களின் வழக்கம். அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவும் வருடக்கணக்காக அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நந்தியிடம் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றிவைத்த மாதிரி பாரம். இரண்டே நாளில் ஆஞ்சியோகிராம், அந்தக் கையோடு ஒரு ஸ்டென்ட்.

செய்தி கேட்டு நான் ரயிலேறி மைசூர் போய்ச் சேர்ந்தபோது மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையால். வலது மணிக்கட்டில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் நடுவில் காற்றடைத்த சின்னக் குமிழ். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து, ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி, குமிழிலிருந்து துளித் துளியாகக் காற்றை உறிஞ்சி எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் குமிழுக்குக் கீழே ரத்தம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். "கை மடிசபேடி சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். கையை மடக்காதீர்கள் என்று அர்த்தம்.

"இந்த வழியாத்தான் நெஞ்சுக்குள்ள போய் வேலை பாத்துட்டு வந்துட்டாங்க மாப்ளே. ஊசி குத்துன தடம்தான் இருக்கும்னு சொல்றாங்க" என்றார் மாமா. தோலில் தெரியும் தடம் சின்னதுதான். உள்ளே, ரத்தக் குழாயின் சுவரில் ஒரு கடுகு நுழையும் அளவுக்கு ஓட்டை. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வந்து மோதிக்கொண்டிருக்கும் குழாய் அது. அந்த ஓட்டை எப்படி அடைபட்டது? அன்று இரவு முழுக்க என் மனதில் ஓடிய கேள்வி இதுதான்.

நம் சித்த வைத்தியர்கள் நாடி பார்க்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம் என்று மூன்று விரலையும் வைப்பார்களே, அதே இடத்தில்தான் மாமாவுக்கு ஊசி இறங்கியிருந்தது. கட்டைவிரல் பக்கமாக ஓடும் அந்தத் தமனி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே தசையெல்லாம் விலகிய இடத்தில், தோலுக்கு நேர் அடியில் வருகிறது. அதற்கும் அடியில் தட்டையான எலும்பு. தமனி எலும்பின் மேல் கிடப்பதால்தான் விரல் வைத்ததும் துடிப்பு தெரிகிறது. அதே காரணத்தால், ரத்தம் வந்தாலும் விரலை வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தி நிறுத்திவிட முடிகிறது. வைத்தியன் நோயறியும் இடமும், ரத்தத்தை எளிதில் அடைக்கக்கூடிய இடமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. உள்ளங்கைக்கு ரத்தம் ஒரே வழியில் வருவதில்லை. சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு தமனி வருகிறது. இரண்டும் உள்ளங்கையில் வளைந்து ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்கின்றன. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மறு வாய்க்கால் வயலைக் காப்பாற்றும். ஆயிரம் வருடம் கழித்து இந்த வழியாக இதயத்துக்குக் குழாய் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து அமைத்த மாதிரி இருக்கிறது இந்தக் கை.

குழாய் அனுப்பும் துணிவு மனிதனுக்கு வந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் கையின் சிரை வழியாகத் தானே 65 செ.மீ. குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, படியிறங்கிப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953-இல் ஸ்வீடனின் செல்டிங்கர், முதலில் ஊசி, ஊசிக்குள் மெல்லிய கம்பி, ஊசியை உருவிவிட்டு அந்தக் கம்பியின் மேல் குழாய் என்று ஒரு வழி கண்டார். கத்தியே தேவைப்படவில்லை. மீள்தன்மை உள்ள தமனிச் சுவர், நுழைந்த குழாயைத் தானாக இறுகப் பிடித்துக்கொண்டது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் கிரண்ட்சிக் விழித்திருக்கும் மனிதரின் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூன் விரித்தார்.

அப்போதெல்லாம் பெரும்பாலும் தொடைதான் வாசல். 1989-இல் கனடாவின் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுக்கலாம் என்று காட்டினார். சில ஆண்டுகளில் நெதர்லாந்தின் கீமனே அதே வழியில் ஸ்டென்ட்டும் வைத்தார். இன்று மைசூர் கே.ஆர்.எஸ். சாலையில் நிற்கும் ஜெயதேவா இருதய மருத்துவமனைக்கு மண்டியா, சாம்ராஜ்நகர், குடகு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஏழை எளியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தாளவாடி மலையில் இருக்கும் நம்மவர்களுக்கும் மைசூர் எட்டும் தூரம்தான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்து பார்த்தது, இன்று காவிரிக்கரை விவசாயிக்கு எட்டுகிறது.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம்.

மதுரைக்காரர்களுக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வைகையில் வெள்ளம், கரை உடைந்துவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு இறைவனே மண் சுமக்க வந்தான். அந்தக் கதையில் உடைப்பை அடைக்க ஆள் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. நம் உடம்பில் ஓடும் ஆறு, தன் கரையை அடைக்கும் ஆளையும் மண்ணையும் கூடையையும் தானே சுமந்துகொண்டு ஓடுகிறது.

இந்த வெள்ளத்தின் விசையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நம் ரத்த அழுத்தம் 120 என்றால், அது ஒன்றரை மீட்டருக்கு மேல் நீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்து 1733-இல் எழுதினார்: ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது.

சுவரில் ஓட்டை விழுந்த கணமே தமனியின் தசை சுருங்கி வாயைக் குறுக்குகிறது. கிழிந்த சுவரின் உள்ளிருந்து வெளியே தெரியும் நார்களில், வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் அமைதியாக ஓடும்போது நூல் உருண்டை போலச் சுருண்டு கிடப்பது இது. ஓட்டம் வேகமெடுத்து இழுக்க இழுக்கச் சுருள் பிரிந்து நீள்கிறது. வெள்ளம் எவ்வளவு வேகமோ அவ்வளவுக்குக் கயிறு நீளும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வருபவை ரத்தத் தட்டுகள். ஒரு துளியில் லட்சக்கணக்கில் மிதந்துகொண்டிருப்பவை. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடித் தட்டுகளை உருவாக்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் வாழ்நாள் ஏறக்குறைய பத்து நாள். வேலையே வராமல் முடிந்துபோகிறவைதான் பெரும்பாலானவை. ஆனாலும் காவல் ஒரு கணமும் நிற்பதில்லை.

தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி முதல் அடைப்பைப் போடுகின்றன. அதற்குள் ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு, கடைசியில் திராம்பின் பிறக்கிறது. அது ஃபைப்ரின் என்ற இழையை நெய்கிறது. மண்ணைக் கொட்டி, அதன் மேல் புல்லும் மூங்கில் வலையும் போட்டுக் கட்டுவதைப் போன்ற வேலை.

என்னை உட்கார வைத்த விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இப்படி உறையத் தொடங்கும் ரத்தம் ஏன் மொத்தமும் உறைந்துபோவதில்லை? காயமில்லாத நல்ல சுவரின் உள்பரப்பில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. உறைய வைக்கும் அதே திராம்பின் அந்த விரிப்பைத் தொட்டதும், அங்கிருக்கும் புரதம் அதைப் பிடித்து, உறைதலைத் தடுக்கும் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. உடைப்பு இருக்கும் இடத்தில் அடைக்கும் கை, கரை நன்றாக இருக்கும் இடத்தில் வழிவிடும் கையாக மாறுகிறது. வேலை முடிந்து சுவர் வளர்ந்ததும், பிளாஸ்மின் என்ற இன்னொரு ஆள் வந்து பழைய அடைப்பைக் கரைத்து எடுத்துப் போகிறான். தொடங்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறைய. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த வேலைக்காரனைப் படைத்தவன் நம் ரத்தத்தில் வைத்திருக்கிறான்.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஏன் மாமாவைப் போல் சுலபமாக முடிவதில்லை?

மாமாவுக்கு அடுத்த கட்டிலில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். நர்சுகள் 'அஜ்ஜி' (பாட்டி) என்று கூப்பிட்டார்கள். ஒடிசலான உடம்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்திலும் கொஞ்சம் கோளாறு. மணிக்கட்டுத் தமனி நூலாக இருந்ததால் தொடை வழியாகச் செய்திருந்தார்கள். கவட்டியில் மணல் மூட்டை வைத்து, காலை நீட்டியபடியே படுத்திருந்தார். மூட்டையின் கனம் காலை அசைக்காதே என்று நினைவூட்டும், அவ்வளவுதான். அடைப்பது முன்பே வெகுநேரம் அழுத்தியிருந்த விரல்களும் உள்ளே வந்து சேர்ந்த ஆட்களும்தான். மறுநாள் காலையில் அஜ்ஜியின் தொடை நீலம் பாரித்து, எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது.

ஸ்கேன் செய்தார்கள். போலி அனூரிசம் என்றார் டாக்டர். ஓட்டை முழுதும் அடைபடாமல், ரத்தம் சுவருக்கு வெளியே கசிந்து, சுற்றியுள்ள சதைக்குள் ஒரு பை போலத் தங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. குழாய்ச் சிகிச்சைக்குப் பிறகு வரும் ரத்தக் குழாய்ச் சிக்கல்களில் இது ஒன்று. எல்லாவற்றிலும் சாதாரணமானது ரத்தக்கட்டு. தமனியும் பக்கத்துச் சிரையும் ஒரே ஓட்டையால் இணைந்துவிட்டால், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும்போது இடைவிடாத இரைச்சல் கேட்கும். மணிக்கட்டில் தமனி ஓசையில்லாமல் அடைபட்டுப் போவதும் உண்டு. பலருக்கு உள்ளங்கையின் மறு வாய்க்கால் அப்போது கை கொடுக்கிறது.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது. தொடைத் தமனி கவட்டியில் இடுப்பெலும்பு மூட்டின் உருண்டைக்கு முன்னால் சில செ.மீ. தூரம் வருகிறது. அங்கே குத்தினால் பின்னால் எலும்பு இருப்பதால் அழுத்தி அடைக்கலாம். கீழே இறங்கிக் குத்திவிட்டால் தமனி இரண்டாகப் பிரிந்திருக்கும், அழுத்த எலும்பு இருக்காது. மேலே ஏறிவிட்டால் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் உள்ள மென்மையான இடத்துக்குள் இறங்கும். லிட்டர் கணக்கில் தேங்கினாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாது. முதுகுவலி, வியர்வை, தலைசுற்றல், இறங்கும் ரத்த அழுத்தம் இவைதான் சொல்லும். பிட்டுக் கதையில் மண் சுமந்தவன் முதுகில் பாண்டியன் கொடுத்த பிரம்படி ஊரில் இருந்த எல்லோர் முதுகிலும் விழுந்ததே, அப்படித்தான் ஓர் இடத்து உடைப்பை உடம்பு முழுதும் உணர்கிறது.

மருத்துவர்கள் சொல்லும் ஆபத்துக் காரணிகளை உடம்பின் கரை வேலையோடு வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும். வயது: தமனிச் சுவரின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டின் நார்களை உடம்பு இளமையிலேயே நெய்து முடித்துவிடுகிறது. பிறகு புதிதாக நெய்வது மிகக் குறைவு. எழுபது வயதுத் தமனி எழுபது வருடம் உழைத்த நார். பெண்கள், மெலிந்தவர்கள்: தமனி சிறியது, குழாய் அதே அளவு. மருந்தின் அளவும் அவர்கள் எடைக்குக் கூடிப்போகலாம். உடல் பருமன்: சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதும் அழுத்திப் பிடிப்பதும் கடினம். உயர் ரத்த அழுத்தம்: வெள்ளத்தின் வேகம் கூடுதல். சர்க்கரை, புகை: சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகிறது. சிறுநீரகக் கோளாறு: ரத்தத்தில் தேங்கும் கழிவு தட்டுகளை மந்தமாக்குகிறது, மருந்தும் வெளியேறாமல் தங்குகிறது. அவசரத்தில் செய்யும் சிகிச்சை, பருத்த குழாய், ஒரே இடத்தில் மறுபடி குத்துவது, இவையும் சேர்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலே ரத்தம் இளக்கும் மருந்துகள். இதயத் தமனிக்குள் வைத்த ஸ்டென்ட்டை உடம்பு ஓர் உடைப்பாக நினைத்து அடைக்கப் போய்விடக் கூடாது என்பதற்காக ஆட்களின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுகிறோம். ஆஸ்பிரின் தொட்ட தட்டு அதன் வாழ்நாள் முழுதும் முடங்கிவிடும். உட்கரு இல்லாத அது, இழந்த நொதியை மறுபடி செய்துகொள்ள முடியாது. நெஞ்சில் அடைக்காதே, தொடையில் அடை என்று ஒரே ரத்தத்திடம் இரண்டு வேண்டுதல் வைக்கிறோம். பெரும்பாலானவர்களிடம் இரண்டையும் அது நிறைவேற்றித் தருகிறது என்பதே வியப்பு.

2011-இல் வெளிவந்த ரைவல் ஆய்வில், 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 நோயாளிகளில் தொடை வழியாகச் செய்துகொண்டவர்களில் 3.7 சதவீதம் பேருக்குக் குத்திய இடத்தில் பெரிய சிக்கல் வந்தது. மணிக்கட்டு வழியாகச் செய்துகொண்டவர்களில் 1.4 சதவீதம். நாடி பார்க்கும் இடம் நல்ல வாசல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வாசலை மூடுவதிலும் ஒரு நிதானம் தேவைப்பட்டது. இறுக்கி அழுத்தினால் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சமீர் பஞ்சோலி, அகமதாபாத்தின் தேஜஸ் படேல் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, தமனியில் ஓட்டம் நின்றுவிடாமல் இதமாக அழுத்தினால் பிறகு அது அடைபட்டுப்போவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. ரத்தம் வெளியே வரக் கூடாது, உள்ளே நிற்கவும் கூடாது. மாமாவின் மணிக்கட்டுக் குமிழிலிருந்து அந்த நர்ஸ் துளித் துளியாகக் காற்றை எடுத்தது இதற்காகத்தான். எங்கே நிறுத்துவது என்று அறிந்த ரத்தத்திடம் மனிதன் கற்றுக்கொண்ட பாடம் அது.

அஜ்ஜிக்கு டாக்டர் ஸ்கேன் பார்த்தபடியே அந்தப் பைக்குள் மெல்லிய ஊசியால் சில துளி மருந்தைச் செலுத்தினார். திரையில் சுழன்றுகொண்டிருந்த ரத்தம் சில நொடிகளில் அசையாமல் நின்றது. மருந்தின் பெயரைக் கேட்டேன். திராம்பின். உடம்பு தானே செய்யும் பொருள், போதாமல் போன இடத்துக்குக் கடனாக வந்தது. அடுத்த நாட்களில் அந்த நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளானது. தேங்கிய ரத்தத்தின் சிவப்பை உடம்பு முதலில் பச்சை நிறமியாகவும், பிறகு மஞ்சள் நிறமியாகவும் உடைத்து, இரும்பை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்கிறது. கன்றிப்போன தோலில்கூட அது ஒரு துளியை வீணாக்குவதில்லை.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் நமக்கும் ஒரு பங்குக் கரை இருக்கிறது. ஆஞ்சியோவுக்குப் போகும் முன் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முன்பு ரத்தம் வடிந்த அனுபவம், சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கை வழியாக முடியுமா என்று கேளுங்கள். சொன்ன நேரம் வரை கையையோ காலையோ அசைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு குத்திய இடம் வீங்கிக்கொண்டே போனாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, காரணமில்லாத முதுகுவலியும் மயக்கமும் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் பீறிட்டால் படுக்க வைத்து, விரல்களால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள். வீக்கம் கண்டதும் பயந்துபோய் ஸ்டென்ட்டுக்கான மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவு டாக்டருடையது.

உடைப்பை அடைக்க உள்ளே கோடிக்கணக்கான ஆட்கள் கூலி கேட்காமல் நிற்கிறார்கள். அவர்கள் வந்து சேரும் வரை அந்த இடத்தில் ஒரு விரலை வைத்திருப்பது நம் வேலை.